நான்காம் படி

திங்களன்று கணினியைப் புதுப்பித்தார்கள்.
ஏழு வருடம் என்னோடு இருந்த திரைப்பிடிப்பான்
திறக்க மறுத்தது; காரணமும் சொல்லவில்லை.
"வெள்ளிக்குள் வேறொன்று பார், வைவா.
இலவசமென்றால் நல்லது.
முப்பது யூரோ தாண்டினால் காரணம் எழுது"
என்றார் டோனடாஸ், கோட்டைக் கழற்றாமலே.

கிளைப்பேடாவில் அந்த வாரம் முழுக்க மூடுபனி.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கிரேன்கள்
யாரோ பாதி வரைந்து எழுந்து போனதுபோல.
உள்ளே நான்
பதினாறு கிளினிக்குகளின் செவிலியருக்கு
எங்கே அழுத்த வேண்டுமென்று
அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.
இதுதான் என் பிழைப்பு:
ஓடும் திரையை நிறுத்திவைத்து
இங்கே, இங்கே என்பது.

முதலில் இறக்கியது அழகி.
வட்டமான முனைகள், மெல்லிய நிழல்.
பிடித்த படத்தை நான் பார்ப்பதற்குள்
எங்கோ ஒரு மேகத்தில் ஏற்றிவிட்டு
இணைப்பு தயார் என்று மணியடித்தது.
யார் கேட்டார்கள்?

இன்னொன்று நீண்ட பக்கத்தைத் தானே உருட்டிப் பிடிக்கும்.
பிடித்தது. ஒட்டுப்போட்ட இடத்தில்
ஒரே நோயாளி இரண்டு முறை வந்தார்:
டெஸ்டாஸ் டெஸ்டௌஸ்காஸ்,
பிறப்பு 1900 ஜனவரி ஒன்று,
காலை எட்டரைக்குப் பல், எட்டரைக்குப் பல்.
(பாவம், பயிற்சிக்காக நாங்கள் பெற்ற பிள்ளை.
இத்தனை வயதில்
ஒரு முன்பதிவையும் தவறவிட்டதில்லை.)

சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது,
பழைய லிப்ட் பொத்தான்களோடு.
அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு
அம்பு வளைந்து போகும் வேறொன்றில் உட்கார்ந்தேன்.
புதன் மாலை. கை ஓடியது.
நான்காம் படியைப் பிடித்த நொடியில்
வலது கீழ்மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது.
ஜூர்கிஸ்.
"கீலில் இறங்கிவிட்டேன்.
திரும்பிவரும் கப்பலில் நான் இல்லை."

செய்தியைத் திறக்கவில்லை.
மூலையை வெட்டினேன்.
ஐந்தாம் படிக்குப் போனேன்.
ஆறு மணிக்குக் கையேடு பதினாறு இடத்துக்கும் போயிற்று.

வியாழன் காலை ஷிலுட்டேயிலிருந்து ஸீட்டா.
முப்பது வருடச் செவிலி; குரலில் சளி.
"எழுத்து பொடியாக இருக்கிறதே என்று
படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், வைவா.
உள்ளே மடித்திருந்தது விரிந்துவிட்டது."
கொஞ்சம் நிறுத்தினார்.
"நான் மூடிவிட்டேன்.
மற்றவர்கள் இழுத்தார்களோ, என்னவோ."
பிறகு, போனை வைக்காமல்,
"சூடாக ஏதாவது குடித்தாயா?"

அந்தக் கருவி வெட்டுவதே இல்லை.
வெட்டியதாகக் காட்டி அடியில் வைத்துக்கொள்ளும்.
மனம் மாறினால் மீட்டெடுக்கலாம் என்று
அதைத்தான் பெருமையாக, முதல் வரியில் போட்டிருந்தார்கள்.

சாம்பலைத் திறந்தேன்.
டெஸ்டாஸைப் பிடித்து, பாதியில் வெட்டி,
சேமித்து, மூடி, மறுபடி திறந்து
ஓரத்தை இழுத்தேன்.
பக்கத்து மேசைக் கணினியிலும் இழுத்தேன்.
ஒன்றும் வரவில்லை.
விளிம்பு விளிம்பாகவே இருந்தது.

பத்து நொடி தாமதம் வைக்கவும் வழியுண்டு,
விரித்த மெனு சட்டென மூடிக்கொள்ளாதிருக்க.
அது ஏழு, ஆறு என்று எண்ண எண்ண
கைகளை மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன்.
மூலையில் எதுவும் எழும்பவில்லை.
அறிவிப்புகளை அணைத்துவைத்தது
ஒன்பதாவது தடவையில்தான் ஞாபகம் வந்தது.

விலை முப்பத்து நான்கு யூரோ.
படிவத்தில் காரணத்துக்கு ஒரு வரிதான் இடம்;
பொடியாக எழுதினேன்:
"நடுவில் ஓர் எண்ணை நீக்கினால்
பின்னால் வருபவை தாமாகவே
வரிசை மாற்றிக்கொள்கின்றன."

"இதற்கா நாலு யூரோ கூடுதல்?"
என்றபடி டோனடாஸ்
பேனாவைத் தேடினார்.