முப்பத்தொன்பது நிமிடம்

செகாம்புட்டில் டியோவின் பட்டறை.
தூக்கியின் மேல் ஆளுயரத்தில் ரம்லியின் சாகா.
இரண்டு நாளாய் இடப்பக்கமே இழுக்கிறதாம்,
பிடியைத் தளர்த்தினால் கால்வாய்க்குப் போகிறதாம்.
நாலு சக்கரத்திலும் தட்டு மாட்டியாயிற்று.
கேமராக்கள் பார்க்கின்றன.
பார்த்ததைச் சொல்லத்தான் ஆளில்லை.

கோணம் பார்க்கும் எந்திரத்துக்குத் தெரிந்தது
ஒரே ஒரு விண்டோஸ், எக்ஸ்பி.
டியோவின் மகன் நல்ல மனசோடு
புதியதை ஏற்றிவிட்டான்.
எந்திரம் வாயை மூடிக்கொண்டது.

"போலே ஆ, யோகா?"
"போலே" என்றேன்,
எதற்கும் சாமியை ஒருமுறை நினைத்துக்கொண்டு.

வீட்டுச் சாவியோடு கோத்த எட்டு ஜிபி பென்டிரைவ்.
மாமாக் கடையில் உட்கார்ந்து
தே ஓ ஆறுவதற்குள் பூட் ஆகும்படி செய்தது.
செருகினேன். எஃப் பன்னிரண்டைத் தட்டினேன்,
கொசு அடிக்கிற வேகத்தில்.

முதல் தடவை, வட்டே இல்லை என்றது.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு
வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறவர் மாதிரி.
பயாஸுக்குள் போய்
ஏஎச்சிஐ என்றிருந்ததை ஐடிஇ ஆக்கினேன்.
அதற்குப் புரிகிற பேச்சில் பேசுவதுதான், வேறொன்றுமில்லை.

இரண்டாம் தடவை நீலத்திரை.
பென்டிரைவை முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்கி
முதுகுப்பக்கம் செருகினேன்.

மூன்றாம் தடவை கேட்டது,
இதிலுள்ள அனைத்தும் அழியும், சரியா?
டியோவைப் பார்த்தேன்.
டியோ மகனைப் பார்த்தார்.
மகன் போனைப் பார்த்தான்.
எல் எழுத்தை அமுக்கினேன்.

முப்பத்தொன்பது நிமிடம் மீதம் என்று வந்தது.
முப்பத்தொன்பதிலேயே பத்து நிமிடம் நின்றது.
ரம்லி ஸ்டூலை இழுத்துப்போட்டு
போகாத சவாரிகளை வாய்க்குள் கூட்டிக்கொண்டிருந்தார்.
ஸ்டிக்கரில் தேய்ந்துபோன இருபத்தைந்து எழுத்தில்
அது எட்டா பி-யா என்று
டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னதும் அவர்தான்.
எட்டு. சரியாகத்தான் இருந்தது.

பிறகு நேர மண்டலம்.
பட்டியலை உருட்டினேன்.
கோலாலம்பூர், சிங்கப்பூர்.
ஒரே வரி, நடுவில் ஒரு காற்புள்ளி.

தவநீலன் உட்லண்ட்ஸில் இருக்கிறான்.
நாலு வருஷமாய் நாங்கள் ஒரே வரியில் வந்தது
வீட்டுக் கடனுக்கு பேங்க் அனுப்பும் கடிதத்தில் மட்டும்.

இதில் உவமை தேடாதீர்கள்.
புதுசை அழித்துப் பழசை ஏற்றுவதுதான் என் பிழைப்பு,
அதை வீட்டில் செய்வதில்லை.
டியோவுக்கு வேண்டியது நாலு சக்கரத்தின் கோணம்.
நெக்ஸ்ட்.

பச்சைக் குன்று வந்தது, மேலே அந்த வானம்.
"கேமரன் மலையா?" என்றார் ரம்லி.
"இருங்கள், இன்னும் டிரைவர் வரவில்லை."
"டிரைவர் நான் இங்கேதானே இருக்கிறேன்!"
டியோ சிரித்த சிரிப்பில்
கையிலிருந்த ஸ்பானர் தரையில் விழுந்தது.

டிரைவர் வந்தது.
கேமராக்கள் கண்டதை எண்ணாகச் சொல்லத் தொடங்கின.
இடது முன் சக்கரம் சிவப்பு.
டியோ அடியில் நுழைந்து எதையோ திருகத் திருக
எண் இறங்கி, தயங்கி, பச்சையானது.

நெட்வொர்க் துளையின் மேல்
கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினேன்.
"இதில் மட்டும் வயரைச் செருகாதே.
இதுக்கு வெளியுலகம் ஒத்துக்காது."
மகன் தலையாட்டினான், போனைப் பார்த்தபடி.

பில் நூற்றிருபது வெள்ளி.
டியோ தந்தது நூறும்
ஒரு கொத்து ரம்புத்தானும், எறும்போடு.

செந்தூல் வரை ரம்லி ஏற்றிக்கொண்டார்.
நேரான சடக்கு வந்ததும்
ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து
காற்றில் காட்டினார்.
"பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை.
சாவிக்கொத்தை இறுகப் பிடித்திருந்தேன்.
பென்டிரைவில் இன்னும் சூடு.
கார் கோட்டைவிட்டு நகரவில்லை.