முதல் சுற்று

ஹார்லிங்கனில் என் பட்டறைக்கு
அதே மோட்டார் மூன்றாம் முறை வந்திருக்கிறது,
வீப்ரனின் வேனில், சாக்குப் போர்த்தி.
"உன் காயில் கட்டுதான் மோசம்" என்கிறான்.

பிரித்துப் பார்க்கிறேன்.
உள்கம்பிகள் புதிது போல் மினுங்குகின்றன.
கேபிள் நுழையும் முனையை ஒட்டிய முதல் சுற்றில் மட்டும்
ஊசிமுனை ஓட்டை,
சுற்றிலும் வெண்மாவு.

"கேபிள் எவ்வளவு நீளம்?"
நூற்றெண்பது மீட்டர்.
போன வெள்ளத்தில் இன்வெர்ட்டர் முழுகியதால்
அதைக் கடலணைமேல் ஏற்றிவிட்டார்களாம்;
பம்பு மட்டும் பழைய பள்ளத்தில்.
நனையாமல் வைத்ததற்குப்
பாராட்டுக் கடிதம்கூட வந்ததாம்.

மறுநாள் அங்கே போனேன், மழையில்.
மல்டிமீட்டர் நானூறு என்றது.
அது சராசரி சொல்லும் கணக்கப்பிள்ளை,
அடித்தவனைக் காட்டாது.
ஆஸிலோஸ்கோப்பை மாட்டினேன்:
இமைப்பொழுதின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில்
செங்குத்தாய்க் கிளம்பும் ஒவ்வொரு துடிப்பும்
மோட்டார் முனையில் முட்டி,
திரும்பும் தன்மேலேயே தான் ஏறி
ஆயிரத்து நூறைத் தொட்டது.
நொடிக்கு எட்டாயிரம் முறை.

வீப்ரன் பேசவில்லை.
அணை கட்டும் வம்சம் அவனுடையது;
செங்குத்துச் சுவரில் மோதும் அலை
இருமடங்கு எழும்பும் என்று
அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
"அதனால்தானே கரையைச் சாய்த்துக் கட்டுகிறோம்" என்றான்
கடைசியில், கடலைப் பார்த்து.

இங்கே கரையைச் சாய்க்க இடமில்லை.
அலையைத்தான் சாய்க்க வேண்டும்.
இன்வெர்ட்டரின் வாயில் வைக்க
முப்பது கிலோ ஃபில்டர் ஒன்றுக்கு
விலை எழுதிக் கொடுத்தேன்.

நீர் வாரியம் வியாழன் கூடுமாம்.
அதுவரை
முதல் சுற்றுக்கு மட்டும்
இன்னொரு மடிப்பு உறை போடுகிறேன்.
போதாது. தெரியும்.