தன்மை ஒருமை

தமிழில் பேச விரும்பும் உறுப்பினர்
அரைமணி முன்னால் சீட்டு அனுப்ப வேண்டும்.
அந்தச் சீட்டு வந்தால்தான் எனக்கு வேலை.
மற்ற நேரம் கண்ணாடி அறையில்
ஹீட்டருக்குக் காலை நீட்டிக்கொண்டு
கீழே யாரோ கை வீசுவதைப் பார்த்திருப்பேன்.

எங்கள் தொழிலில் “அவர் சொல்கிறார்” கிடையாது.
அவர் “நான்” என்றால் நானும் “நான்”.
அரசிறைவனுக்குப் பதினாறு வருடம்
நான் “நான்” சொன்னேன்.
இரண்டு சர்க்கரை ஆலை, ஒரு கல்லூரி,
ஊர்ப் பேருந்து நிலையத்துக்கே
அவர் தகப்பனார் பெயர்.
எனக்கு ஆர்.கே.புரத்தில்
தண்ணீர் ஏறாத இரண்டாம் மாடி.

ஒருமுறை “அமைச்சர் சொல்வது பொய்” என்றார்.
பொய், அவைக்கு ஆகாத சொல்.
“தவறாகச் சொல்கிறார்” என்று
ஆங்கிலத்தில் இறக்கிவைத்தேன்.
மாலையில் துண்டுச்சீட்டு வந்தது, பச்சை மையில்:
“தம்பி, என் பொய்யைப் பிழையாக்க
உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?”
கூடவே கால் கிலோ முந்திரி.

அவர் போனது ஒரு ஜூன்.
இடைத்தேர்தலில் மகள் வந்தாள். வந்தார்.
எழினி.
அகராதி புரட்டுகிறவனுக்குச் சும்மா இருக்க முடியாது:
எழினி என்றால் திரைச்சீலை.
பழைய குறுநில மன்னர் குடி ஒன்றில்
வழிவழியாக வந்த பெயரும் அதுதான்.
எதை நினைத்து வைத்தாரோ.

கன்னிப்பேச்சு. அப்பாவின் உதவியாளர் கோதண்டபாணி
எங்கெங்கே நிறுத்த வேண்டுமென்று
தாளில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.
“என் தந்தை” ஏழு இடத்தில்.
ஏழு முறையும் சொன்னேன், மை ஃபாதர்.
கரோல் பாக் மெஸ்ஸில் கணக்கெழுதியவர்,
மூக்குக்கண்ணாடிக் காம்பை நூலால் கட்டியிருந்தவர்,
மைக்குக்கு அந்தப்பக்கம்
ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார்.
அவைக்குத் தெரியாது. மேசை தட்டினார்கள்.

பிறகு நன்றாகத்தான் தேறினார்.
கோடில்லாத தாள்கள்.
கடலரிப்பு, நூல் விலை,
ஆளில்லா ரயில்வே கேட்டில் செத்த பிள்ளைகள்.
அப்பாவின் வெண்கலக் குரல் இல்லை;
எண்களில் பிசக மாட்டார்.
இணையமைச்சர் என்று இரண்டு முறை பேச்சு அடிபட்டது.
பதவியேற்புக்குப் புடவைகூட எடுத்தாயிற்று
என்றார் கோதண்டபாணி.

அப்புறம் அந்தத் துறைமுகக் குத்தகை மசோதா.
முதல் குத்தகை அவர் சித்தப்பா கம்பெனிக்கு என்று
காலைப் பேப்பரெல்லாம் எழுதியிருந்தது.
ஆறு பக்கப் பேச்சு. மூன்றாம் பக்கம், நாலாம் வரி:
“மீனவர் எவரும் இடம்பெயர…”
அங்கே நின்றார்.
என் பிரதியில் கோடு எதுவும் இல்லை.

பதினொரு நொடி.
ஹெட்போன் மாட்டியவர்களுக்கு
என் மூச்சு கேட்டிருக்கும்.
சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.
பொய் என்ற சொல்லை, இந்தமுறை மாற்றாமல்,
நாக்கின் நுனியில் எடுத்து வைத்திருந்தேன்.

தண்ணீர் குடித்தார்.
“…மாட்டார்கள். ஆதரிக்கிறேன்.”
நானும் ஆதரித்தேன்.

அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை.
பங்களா காலிசெய்யும் நாள் கூப்பிட்டனுப்பினார்,
அப்பாவின் பேச்சுப் பிரதிகள் எனக்கு வேண்டுமா என்று.
வாசல் தூணில் அவர் பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள்.
அடியில் அப்பா பலகையின் ஆணித்துளைகள்
மூடாமலே இருந்தன.
பொதுப்பணித்துறை ஆள் மின்விசிறி எண்ணி
ஒன்று குறைகிறது என்றான்.
ஸ்டோர் ரூமில் பாருங்கள் என்று
என் உதவியில்லாமல் ஹிந்தியில் சொன்னார்.

கட்டுக்குச் சணல் தேடியபடி கேட்டார்:
“அன்றைக்கு நான் நின்றேனே,
அதை என்னவென்று சொன்னீர்கள்?”
“ஒன்றும் சொல்லவில்லை, மேடம்.”
“நானும்தான்.”

திங்கட்கிழமை புதுச் சீட்டு வந்தது.
சித்தப்பா மகன். கன்னிப்பேச்சு.
“என் பெரியப்பா” நான்கு இடத்தில்.