மூன்று மீட்டர் இருபது

ஹல் நகரம். காலை ஏழே முக்கால்.
இடித்த எண்ணெய் ஆலையின்மேல்
முப்பது வருஷம் கார்கள் நின்ற தார்த்தளம்.
இனி இங்கே பதினோரு மாடி.
அதற்குமுன் மண்ணைக் கேட்கவேண்டும்
எவ்வளவு தாங்குவாய் என்று.

கேட்பவர்கள் அவர்கள்.
நான் பக்கத்தில் நிற்கச் சம்பளம் வாங்குகிறவள்.
தோண்டுவதில்லை. பார்ப்பது, எழுதுவது.
நான் கை உயர்த்தினால் இயந்திரம் நிற்கவேண்டும்
என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு.
பதினாறு நாளில் ஒருமுறையும் உயர்த்தவில்லை.

போன வாரக் குழிகளில் செங்கல், சாம்பல்,
டீசல் வாடை, உடையாத பால் புட்டி ஒன்று.
பொறியாளர் ஹெபிள்த்வெயிட் எட்டிப் பார்த்து
"உன் ரோமானியர்கள் வந்தாயிற்றா?" என்பார்.
தினமும் கேட்பார்.
தினமும் சிரிப்பேன்,
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

இன்று ஒன்பதாம் துளை.
ஐவார்ஸ் லாத்வியாக்காரர், பேச்சு குறைவு.
துளைப்பானின் சத்தத்தை வைத்தே
களி, மணல், சரளை என்று சொல்லிவிடுவார்.
மூன்று மீட்டர் இருபதில்
தலையைச் சாய்த்தார்.
"மரம்."

நான் கை உயர்த்துமுன்
அவரே நிறுத்தியிருந்தார்.

குழாயைப் பிளந்தோம்.
நீலம் பாய்ந்த ஆற்றுச் சேற்றின் நடுவே
உள்ளங்கை அகலத்தில் ஓக் மரம்,
ஈரமாய், வெல்ல நிறத்தில்.
அதன் ஓரத்தில் இன்னொரு சின்ன வட்டம்:
யாரோ அடித்த மர ஆணி.
துளைப்பான் அதைப் பாதியாக அரிந்திருந்தது.

படகா, படித்துறையா, சாக்கடை மூடியா?
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்.
வெந்ததா என்று அது சொல்லும்.
யார் உலை வைத்தார், யார் பசித்திருந்தார்,
பருக்கைக்கு என்ன தெரியும்?

காற்று பட்டதும் நிறம் மாறத் தொடங்கியது.
வெல்லம், தேயிலை, கரி.
என் பென்சில் அதைவிட மெதுவாக ஓடியது.
நனைத்த துணி. உறை. எண். ஆழம்.

ஹெபிள்த்வெயிட் ரோமானியர்களைக் கேட்கவில்லை.
வரைபடத்தை விரித்தார்.
"எவ்வளவு தூரம் போகிறது?"
தெரியாது.
"எந்தப் பக்கம்?"
தெரியாது.
முப்பத்தொன்றாம் தூணின்மேல்
அவர் பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு மூடியைப் போட்டு மூடினார்.

மதியம் துளையை அடைத்தோம்,
நீர் பட்டால் ஊதிக்கொள்ளும் களிமண் உருண்டைகளால்.
மேலே தார்.
ஐவார்ஸ் பூட்ஸால் மிதித்துச் சமன்செய்தார்,
பிறகு ஏனோ
ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

படிவத்தில் குறிப்புக்கான கட்டம்
இரண்டு வரிதான் கொள்ளும்.
மரம், ஆணியடித்தது, என்று எழுதினேன்.
வெட்டியது நாங்கள்.