வியாழக்கிழமைத் தராசு

பதினோரு மணிக்கு மூன்றாம் வகுப்பு வந்தது.
இருபத்திரண்டு ஜோடி பூட்ஸ் வாசலில்.
பனி உருகி ஓடி
குடை வைக்கும் இடத்தில் ஒரு குட்டி நைல்.
காலுறையோடு வழுக்கி வழுக்கி
எகிப்துக்குள் நுழைந்தார்கள்.

முதல் கேள்வி உக்குவுடையது:
"நைல் எவ்வளவு தடிமனாய் உறையும்?"
உறையாது என்றேன்.
நம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே
தார்த்து நகரத்து எமயோகி
பாலத்துக்குப் பாலம் வெள்ளையாய்க் கிடந்தது,
ஆறு என்றால் இதுதான் என்பதுபோல்.

இருட்டறையில், கண்ணாடிக்குள், ஒரு சிறுவன்.
என்ன வயசு என்றார்கள்.
எட்டு இருக்கலாம்.
"செத்தப்போவா, இப்போவா?"
இதற்குப் பதினாறு வருடமாய்
ஒரு பதில் வைத்திருக்கிறேன்.
அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

தராசுதான் எல்லோருக்கும் பிடிக்கும்.
சிவப்புக் கம்பளித் துணியில் தைத்து
பார்லி அடைத்த இதயம் ஒரு தட்டில்,
மறு தட்டில் இறகு.
தீக்கோழியினுடையது என்று சொல்வேன்.
சந்தைக்குப் பின்னால் பொறுக்கிய கடற்புறா இறகு.

ஒவ்வொருவராய் வந்து
செய்யாத பாவத்தைச் சொல்ல வேண்டும்.
நான் திருடவில்லை.
நான் ஆற்று நீரை மறிக்கவில்லை.
நான் இந்த வாரம் தம்பியைக் கடிக்கவில்லை,
திங்கள்கிழமையைச் சேர்க்காவிட்டால்.
இறகு இறங்கும். இதயம் எழும்பும்.
கைதட்டல். அடுத்தவர்.

மேசைக்கு அடியில்
இறகுப் பக்கமாய் ஒரு காந்தம் இருக்கிறது.
எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் ஒட்டியது.
தட்டு, பொன்வண்ணம் பூசிய தகரம்.
இந்த ஊரில் எந்தப் பிள்ளையும்
இதுவரை முதலைவாய்ப் பூதத்துக்கு இரையானதில்லை.

தோர்மி வந்தான். ஒன்றும் சொல்லவில்லை.
இதயத்தை வைத்தான், எழும்பியது.
கைதட்டினார்கள்.
அவன் தட்டையே பார்த்து
"இது தப்பு" என்றான்.
எடுத்துத் திரும்ப வைத்தான்.
மேலே.
விரலால் அழுத்தினான், விட்டான்.
மேலே.
"இது தப்பு. எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.
ஆசிரியை லேலோ தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிர்தெல் எப்போது மேசைக்கடியில் போனாளோ.
முதலில் குரல்தான் வந்தது:
"இங்கே ஒரு காந்தம்!"
பிறகு தலை, நூலாம்படையோடு.
இருபத்திரண்டு முகங்கள் என் பக்கம் திரும்பின.
நாற்பத்திரண்டு நீதிபதிகள் என்று
இத்தனை காலம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன்.
இருபத்திரண்டே தாங்காது.

நகத்தால் நெம்பிக் கழற்றினேன்.
தோர்மியின் இதயம்
டொக்கென்று மேசையில் இறங்கியது.
அவன் மூச்சு விட்டான்,
எல்லோருக்கும் கேட்கும்படி.

அதன்பிறகு எல்லோருக்கும் மறுஎடை வேண்டும்.
எல்லோருடையதும் இறங்கியது.
இறகுக்கு முன்னால்
பார்லி வேறென்ன செய்யும்.
அட்டை முதலைத்தலையை உக்கு மாட்டிக்கொண்டான்.
வரிசையில் நின்று தின்னப்பட்டார்கள்,
லேலோவும்.
சிலர் இரண்டு முறை.
மேசைக்கு அடியில்தான் பூதத்தின் வயிறு.
பேருந்து ஹாரன் அடித்தபோது
எல்லோரும் ஊர்ந்து வெளியே வந்துவிட்டார்கள்,
தோர்மி மட்டும்
மல்லாந்து படுத்து
மேசையின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
காந்தம் இருந்த இடத்தில்
பசை வட்டம்.

அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
பாலத்தில் நின்று எறியப் பார்த்தேன்.
பனிக்கட்டியில் விழுந்து அங்கேயே கிடக்கும்,
ஏப்ரல் வரை, ஊர் பார்க்க.
எறியவில்லை.

வீட்டு வாசலில் பைக்குள் கைவிட்டால்
சாவி, செப்புக்காசு, ஒரு கொண்டை ஊசி
எல்லாம் அதன்மேல் கொத்தாய்.
இருட்டில்
ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்கொண்டு நின்றேன்.
அடுத்த வியாழன்
நான்காம் வகுப்பு வருகிறது.