மூன்று கிலோ கேரட்

ஆன்சான் நகரில் ஒரு நிலத்தடி அறை.
ஜன்னல் உண்டு. அதில் கால்கள் மட்டும் நடந்து போகும்.
ஞாயிறு என்பதால் மெதுவான கால்கள்.
ஸ்வெத்லானா ஹெகாய் தோல் சீவித் தருகிறாள்,
தாஷ்கண்டிலிருந்து அவள் தூக்கி வந்த சீவுபலகையில்
நான் தேய்க்கிறேன். நீளநீளமாக விழுகிறது.

வாரத்தில் ஆறு நாள் நாங்கள்
கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுகிறோம்.
விரலெல்லாம் பசை. பசைமேல் கேரட் சாறு ஏறினால்
திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கேட்பார்:
"மஞ்சள் காமாலையா?"

உப்புப் போட்டுப் பிசை. விட்டுவிடு, தண்ணீர் கக்கட்டும்.
கொத்தமல்லி விதையைக் கரண்டி முதுகால் நசுக்கு.
எண்ணெய் புகையும்வரை பொறுத்திரு.
மிளகாய்த்தூள்மேல் அதை ஊற்றும்போது ஒரு சத்தம் வரும்.
அப்போது யாரும் பேசக் கூடாது.
ஏன் என்று கேட்காதே. எங்கள் வீட்டில் அப்படி.

என் அப்பா பிறந்தது சரக்கு ரயிலில்,
முப்பத்தேழாம் வருஷம், மேற்கே விரட்டப்பட்டபோது.
எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் என்று
கடைசிவரை தெரியவில்லை.
சான்றிதழ் எழுதியவன் அலுத்துப்போய்
தன் சொந்த ஊரையே எழுதிக் கொடுத்தான்.
இறக்கிவிட்ட இடத்தில் நாணல் இருந்தது, உப்பு மண் இருந்தது.
கிம்ச்சிக்கு ஏற்ற முட்டைகோஸ் இல்லை.
கேரட் இருந்தது.
நீயும் கிம்ச்சிதான் என்று அதனிடம் பொய் சொன்னார்கள்.
அது நம்பிவிட்டது.

"எங்கள் ரயிலில் வேறு கதை," என்கிறாள் ஸ்வெத்லானா.
வெந்நீர் பிடிக்க இறங்கினாராம் அவள் பெரியப்பா.
பதினாறு வயது. கையில் கெட்டில்.
வண்டி நகர்ந்துவிட்டது.
பூண்டு விலை சொல்வதுபோல் சொல்கிறாள்.
நான்கு வருஷமாக ஒரே அறையில் தூங்குகிறோம்,
இன்றுதான் சொல்கிறாள்.
நான் இன்னொரு கேரட்டை எடுக்கிறேன்.
வேறென்ன செய்வது.

கதவைத் தட்டியது வீட்டுக்கார ஓக்புன் அம்மாள்,
குப்பை பிரிக்கத் தெரியாத எங்களைத் திட்ட.
வாசனை அவரை முந்திக்கொண்டு உள்ளே வந்திருந்தது.
ஒரு வாய் எடுத்துப் பார்த்தார்.
"இது என்ன?"
"கொரிய கேரட்."
"கொரியாவில் இப்படி ஒன்று கிடையாது."

அது எங்களுக்கும் விமானம் இறங்கிய வாரமே தெரிந்துவிட்டது.
கடைக்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்த வாரம்.

எண்ணெய் கருகியது. நான் திரும்பிக் கத்தினேன்,
புசுக்கேயை அணை, ஸ்வெத்தா.

அம்மாள் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.
"என்ன சொன்னாய்?"
அடுப்பு என்றேன், கடைக்காரர்கள் சொல்வதுபோல் திருத்தி.
"இல்லை. முதலில் சொன்னதைச் சொல்."
சொன்னேன்.
இன்னொரு தடவை.

போர்க்காலக் குளிரில் வடக்கிலிருந்து
கப்பலில் வந்தவராம் அவர் அம்மா.
முதுகில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பானை.
கோபம் வந்தால் மட்டும் அந்தச் சொல் வருமாம்.
பள்ளியில் சொல்லி உதை வாங்கியபின்
இவர் அதை விட்டுவிட்டாராம்.
முதுகில் வந்த பிள்ளையைப் பற்றி
நாங்கள் கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.
கத்தியை வாங்கிக்கொண்டார்.
"இவ்வளவு தடியாகவா அரிவது?
வினிகரும் அதிகம்."
கால்கள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்து
ஜன்னல் இருட்டும்வரை அரிந்தார்.
போகும்போது ஒரு டப்பா நிறையக் கொடுத்தோம்.

வியாழக்கிழமை டப்பா கதவருகே இருந்தது.
உள்ளே வறுத்த பொடிமீன்.
மூடியில் ஒட்டிய சீட்டில், எழுத்துக் கூட்டிப் படித்தோம்:
முட்டை ஓடு உணவுக் குப்பை அல்ல.
எத்தனை தடவை சொல்வது.