சக்கைத்தோல் சட்டை

இடவப்பாதி மழை பிடித்துவிட்டால்
ரப்பருக்குக் கத்தி வைக்க முடியாது.
வெட்டிய கோட்டில் பால் நிற்காமல்
பட்டை முழுக்க வழிந்து போகும்.
சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு
மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன்.

மேம்பாலத்துக்குக் கீழே அந்தக் கடை.
"கம்பிளி நூலா?" என்றவள்
தலைக்கு மேலே சுற்றும் ஃபேனை ஒருமுறை பார்த்தாள்.
மேல்தட்டில் தூசி தட்டி
ஆறு உருண்டை எடுத்து வைத்தாள்,
கோழிக்குஞ்சு மஞ்சள்.
பிள்ளை குளிருள்ள ஊரிலா?
இல்லை, குலசேகரத்தில்.
போகப்போகிறது.

ரெஜிலாவுக்கு அயர்லாந்தில் நைட் டியூட்டி.
அவள் அனுப்பிய படத்தில்
யாரோ ஒரு குழந்தை, யாரோ தள்ளும் வண்டி,
உடம்பெல்லாம் சின்னச் சின்ன முண்டு வைத்த சட்டை.
"இது மாதிரி வாங்கணும் நம்ம எப்சிபாக்கு."
வாங்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.
ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

போனில் ஒரு பெண்.
முகம் கிடையாது, விரல்கள் மட்டும்.
மூன்று கண்ணியை ஒன்றாகச் சேர்.
அடுத்த ஒற்றைக் கண்ணியில் மூன்றைப் பிறப்பி.
மூன்று ஒன்றாகும், ஒன்று மூன்றாகும்.
சண்டே ஸ்கூலில் புரியாமல் தலையாட்டியது
ஒன்பதாவது வரியில் பிடிபட்டது.

மழை விட்ட நாளில் வெட்டப்போவேன்.
திரும்பி வந்து ஊசி எடுத்தால்
விரலிடுக்கில் காய்ந்த பால்
நூலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
சுந்தர்சிங் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான்:
"என்னவோய், வலையா கட்டுதீரு?
கடலு அங்கோடில்லா கெடக்கு!"

முதுகுப் பக்கம் முடிந்ததும்
எப்சிபா அதைத் தடவிப் பார்த்தாள்.
"சக்க" என்றாள்.
வீட்டுப் பின்னால் மரத்தில் தொங்கிய இடிச்சக்கையிடம்
கொண்டுபோய்க் காட்டவும் செய்தாள்.

ஆடியில் போவாள் என்று எடுத்த அளவு
ஆவணியில் தோளில் இறுகியது.
பிரித்தேன்.
பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டு
பழைய கண்ணியின் நினைப்பிலேயே கிடந்தது.
ஆவியில் காட்டி நிமிர்த்தி
எட்டுக் கண்ணி கூட்டிப் போட்டேன்.
புரட்டாசியில் மறுபடி பிரித்தேன்.

"பேப்பர் எல்லாம் சரியாயிட்டா?"
ஞாயிறுதோறும் ரெஜிலா கேட்பாள்.
அவள் பின்னால் எப்போதும் மழைக்கோட்டு, எப்போதும் இருட்டு.
ஒரு கை பாக்கி என்பேன்.
சட்டைக் கையைத்தான் சொல்கிறேன் என்று
அவள் சிரிப்பாள்.

எனக்கு விசா பிறகு வருமாம்.
எப்போது என்பதற்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை.
என் மகளை அனுப்ப எனக்குச் சம்மதம் என்ற தாள்
நோட்டரி முத்திரைக்குக் காத்து
ஆறாவது நூலுருண்டைக்கு அடியில் கிடந்தது,
நான்கு மாதமாக.

துலாமழைக்கு முந்திய புழுக்கத்தில்
ஒரு மத்தியானம்
பொத்தான் வைக்காத சட்டையை
அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள்.
கழற்ற விடவில்லை. அழுதாள், வேர்த்தாள்,
அதோடேயே தூங்கிப்போனாள்.
மெல்ல உருவி எடுத்தேன்.
முதுகு முழுக்கப் பதிந்திருந்தது பின்னல்,
மூன்றும் ஒன்றும், மூன்றும் ஒன்றும்,
சிவப்பாக,
நான் தப்பு விட்ட அந்த ஒரு வரி உட்பட.

விசிறிக்கொண்டே இருந்தேன்.
சாயா ஆறுவதற்குள் தடம் மங்கிற்று.
நூலுருண்டையை நகர்த்தினேன்.

பேனா நழுவும் என்று நினைத்தேன்.
காய்ந்த பால் ஒட்டிய விரல்,
இறுக்கிப் பிடித்துக்கொண்டது.